ஷார்ஜாவில் பச்சைப் புள்ளி

“லொக்கேஷன் தப்பாக் காட்டுது மேடம்” என்று போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வீட்டை விட்டு வெளியே வந்து வானம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். கேட்டவுடனே அவர்களுக்குக் கோபம் வரும், நான் கிண்டல் செய்கிறேன் என்று. மூன்று அடுக்கு கான்கிரீட்டுக்குள் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டு, ஆகாசத்தில் சுற்றும் சேட்டிலைட் என்னைக் கண்டுபிடிக்கவில்லையே என்றால் அது என்ன செய்யும்? மீதிப் பேர், இருப்பிடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று இணையப் பக்கம் கேட்டபோது பயந்துபோய்க் கூடாது என்று அமுக்கியவர்கள். பிரவுசர் ரோஷக்காரன். ஒரு தடவை கூடாது என்றால் அப்புறம் ஜென்மத்துக்கும் கேட்க மாட்டான். செட்டிங்ஸுக்குள் போய் நாமாகத் திறந்துவிட வேண்டும். அதைப் போனில் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும்.

என் பெயர் பரிமளா. அரியலூரில் இருந்து தினமும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் வேலை பார்க்கிறேன். மூன்று பேர் கம்பெனி. முதலாளி அறிவழகன் சார், கணக்குப் பார்க்க ஒருவர், மிச்சம் எல்லாவற்றுக்கும் நான். பக்கத்தை எழுதுவதும் நான்தான், அது ஓடாதபோது திட்டு வாங்குவதும் நான்தான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்.

எங்களுக்கு நிலையாக இருந்த வாடிக்கை லப்பைக்குடிக்காட்டில் ஒரு சங்கம். வளைகுடாவில் இருக்கும் ஆண்களும் ஊரில் இருக்கும் குடும்பங்களும் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம். சபர் என்கிற வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போனவர்களை அங்கே சபராளி என்பார்கள். கொரோனா காலத்தில் யார் எந்த ஊரில் மாட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தபோது சங்கம் கேட்டு, நான் எழுதிக் கொடுத்த பக்கம்தான் ‘நம்ம சபராளி’. போனில் பிரவுசரில் திறந்தால் போதும். சபராளி எங்கே இருக்கிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். இப்போதுதான் திறந்தார் என்றால் பச்சை, நேரமானால் சாம்பல் நிறம். முதலில் ‘நான் நலம்’ என்று ஒரு பட்டன் வைத்திருந்தேன். ஒருவரும் அமுக்கவில்லை. அதனால் பக்கத்தைத் திறந்தாலே இருப்பிடம் தானாகப் போய்விடுகிற மாதிரி மாற்றினோம். அதே பக்கத்தில் புதிதாகத் தொழுகை நேரமும் சேர்த்திருந்தேன். போன் இருக்கும் இடத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போட்டு, வேளை வந்ததும் பாங்கு சொல்லும்.

அந்தப் பாங்கில்தான் புகார் வந்தது. ஐப்பசி மாதம். புகார் செய்தவர் சங்கத்துச் செயலாளர் பீர் முகமதுவின் சொந்த அக்கா பாத்திமா பீவி. பள்ளிவாசலில் சாயங்காலத்து மஃரிப் பாங்கு சொல்லி, ஊரே தொழுது முடித்து, டீக்கடையில் வடை ஆறிப்போன பிறகு எங்கள் பக்கம் பாங்கு சொல்கிறதாம். ஒரு வாரத்தில் எத்தனை தடவை போன் செய்தார் என்று எண்ணவில்லை. நான் சொன்ன எதையும் அவர் செய்யவும் இல்லை.

“செட்டிங்ஸ் கிட்டிங்ஸெல்லாம் எனக்குத் தெரியாது புள்ள. நீ பண்ணுனதுதானே? நீ வந்து பாரு.”

அறிவழகன் சாருக்குப் பயம், சங்கம் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று. “நேர்லயே போயிட்டு வந்துடு பரிமளா. அப்படியே வாயைக் கொஞ்சம் அடக்கிக்க” என்றார். அடக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் திட்டக்குடி பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் மழை. மக்காச்சோளக் காடுகளில் தண்ணீர் நின்றது.

வீடு பள்ளிவாசல் தெருவை விட்டுத் தள்ளி, வெள்ளாற்றைப் பார்த்த ஒரு முடுக்கின் கடைசியில் இருந்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீடு கட்டி முடியாமல் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தது மருமகள் சமீரா. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் கருகமணி, கத்தரிப்பூ நிறத்தில் சேலை, முகம் நிறையச் சிரிப்பு. “வாங்கக்கா, நனைஞ்சிட்டீங்களே” என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். எனக்கிருந்த எரிச்சலில் பாதி அங்கேயே போய்விட்டது.

பாத்திமா பீவி கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினார். ஆனால் தொழுகை நேரத்தை அல்ல, வரைபடத்தைத்தான் முதலில் காட்டினார்.

“இந்தா பாரு. எம்மவன் உபைது. சார்ஜாவுல இருக்கான்.”

ஷார்ஜாவின் தெருக்களுக்கு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. கீழே ‘சற்று முன்’ என்று எழுதியிருந்தது.

“பேசுவாருங்களாம்மா?” என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

அவர் முகம் மாறியது. சமீராதான் சொன்னாள். வெயில் காலத்தில், பக்ரீத் பெருநாளுக்கு முன்னால், அம்மாவுக்கும் மகனுக்கும் போனிலேயே சண்டை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், உடம்புக்கு முடியவில்லை என்றிருக்கிறான் அவன். மாடி எழும்பட்டும், இன்னும் ஒரு வருசம் இரு என்றிருக்கிறார் அம்மா. “இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க” என்று வைத்தவன்தான். அன்றிலிருந்து அவனுடைய நம்பர் வேலை செய்யவில்லை. ரூமில் விசாரித்தால் காலி செய்துவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். மாமா பீர் முகமது அங்கே இருக்கும் ஊர்க்காரர்களைத் தேடச் சொன்னார். தூதரகத்துக்கும் மனு எழுதினார். வீடு இழவு வீடு மாதிரி கிடந்ததாம். அப்போதுதான் ஒரு சாயங்காலம் புள்ளி வந்தது. பழைய ரூம் இருந்த அதே தெருவில்.

“கோவக்காரன்” என்றார் பாத்திமா பீவி. “அவங்கத்தா மாதிரியே. எங்கேயோ பக்கத்துக் கட்டடத்துலதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கான். ஆனா பக்கத்தைத் தொறந்து நம்மளப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பச்சையாவும். ஞாயித்துக்கெழம லீவு, அன்னிக்கு முழுக்கப் பச்சைதான். நான்தான் தம்பிக்கிட்டச் சொன்னேன், அவனைத் தொரத்தாதீங்கடா, தொரத்துனா இன்னும் தூரம் போயிருவான். கோவம் தணிஞ்சா தன்னால வருவான். மனுவயும் திருப்பி வாங்கச் சொல்லிட்டேன்.”

“மனுசன் உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சாப் போதும்க்கா” என்றாள் சமீரா. “பேசாட்டியும் பரவால்ல.”

எனக்கு அந்த உபைத் மேல் கோபம்தான் வந்தது. இப்படி இரண்டு பெண்களைப் புள்ளியைப் பார்க்க வைத்துவிட்டு என்ன வீம்பு வேண்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன். டீ வந்தது. வேலையைப் பார்ப்போம் என்று பாங்குக்கு வந்தேன்.

தொழுகை நேரம் எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளி இருந்தது. போனின் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. அப்படியானால் இடம்தான் தப்பு. பக்கத்தில் ‘நீங்கள் இருக்கும் இடம்’ என்பதைத் தட்டிப் பார்த்தேன். ஷார்ஜா என்று வந்தது. பாத்திமா பீவி நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், போன் அவரை ஷார்ஜாவில் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கோளாறு என்றால் எனக்குக் கொஞ்சம் குஷி.

“ஏங்க சமீரா, உங்க போன்ல வெயில் மழையெல்லாம் சரியாக் காட்டுதா?”

அவள் சிரித்தாள். “இல்லக்கா. இங்க மழை கொட்டுது, இது வெயில் போட்டு முப்பத்தெட்டு டிகிரிங்குது. மச்சான்தான் அவங்க ஊரு வெயிலைப் பாத்துக்கன்னு அப்படி வச்சுட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன்.” மச்சான் என்றது உபைத்தைத்தான்.

என் போனை எடுத்தேன். வைபை அணைத்து வைத்திருந்தேன். லப்பைக்குடிக்காடு என்று சரியாகக் காட்டியது. வைபையைப் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னையும் தூக்கி ஷார்ஜாவில் வைத்துவிட்டது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். அலமாரிக்கு மேலே வெள்ளை நிறத்தில் ஒரு ரவுட்டர். அந்த மாதிரி இங்கே விற்கிறதை நான் பார்த்ததில்லை.

“இது எங்க வாங்குனது?”

“மச்சான் போன லீவுக்கு வரும்போது கொண்டாந்தாங்க. ரூம்ல வச்சிருந்ததாம். நல்லா இழுக்கும்னு பெட்டியில வச்சுக் கொண்டாந்தாங்க.”

அங்கே பலர் செய்வதுதான். சபரிலிருந்து வரும்போது அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, பழைய டிவி என்று எதையும் விட்டுவிட்டு வர மனசு வராது. நான் உட்கார்ந்து விளக்கினேன். எனக்கு அந்த நிமிஷம் பெருமையாகவே இருந்தது. போனுக்குள் ஒரு பழக்கம் இருக்கிறது. கூரைக்கடியில் சேட்டிலைட் கிடைக்காதபோது பக்கத்தில் இருக்கிற வைபைப் பெட்டியைப் பார்த்து, இந்தப் பெட்டி எந்த ஊரில் இருக்கும் என்று ஞாபகத்தில் வைத்திருக்கிறதோ அந்த ஊரில்தான் நாம் இருக்கிறோம் என்று முடிவு கட்டிவிடும். குடிமாறி வந்த பிறகும் ரேஷன் கார்டில் பழைய தெருவே இருக்கிற மாதிரி, இந்தப் பெட்டிக்கு ஊர் இன்னும் ஷார்ஜாதான். அக்கம்பக்கத்தில் வேறு பெட்டி இருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். இந்த முடுக்கில் அதுவும் இல்லை.

“இந்தப் பொட்டிதான் நம்மள சார்ஜாவுல வச்சிருக்கா?” பாத்திமா பீவி வாய்விட்டுச் சிரித்தார். “டிக்கெட் இல்லாமப் போயிட்டு வந்துட்டேன்.”

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எந்தத் தெருவைக் காட்டுகிறது என்று என் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். என் புள்ளியும் உபைத்தின் பச்சைப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஒரே கட்டடம், ஒரே மூலை. ஒரு மயிரிழை கூட விலகவில்லை.

சிரிப்பு எப்படி நின்றது என்று எனக்கே தெரியவில்லை. ஒரே தெருவென்றால் சரி, அவன் ரூம் அங்கேதானே இருந்தது என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. சேட்டிலைட் பார்த்துச் சொல்லும் புள்ளி ஆளோடு கொஞ்சமாவது நகரும். குளிக்கப் போனால் நகரும், ஜன்னல் பக்கம் வந்தால் நகரும். இத்தனை மாதமாக ஒரு புள்ளி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றால் அதை ஒரு பெட்டிதான் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பெட்டி என் தலைக்கு மேலே அலமாரியில் விளக்கு மினுக்கிக்கொண்டு இருந்தது.

“அவரு பழைய போன் ஏதாவது வூட்ல இருக்கா?” என்று சமீராவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“இருக்கேக்கா. போன லீவுக்கு வந்தப்பக் குடுத்துட்டுப் போனாங்க. சிம் இல்ல, பீரோவுலதான் கெடந்துச்சு. அத்தாவைக் காட்டு, அத்தாவைக் காட்டுன்னு புள்ள ஒரே அழுகை, அதான் போட்டோ பாக்கட்டும்னு எடுத்துக் குடுத்தேன். இப்ப அதுலதான் கார்ட்டூன் பாக்குறா.”

“எப்பலேருந்து?”

“மச்சான் பேசாமப் போனதுக்கு அப்புறந்தான்.” சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “ஏங்க்கா?”

நான் எழுந்து உள்ளே போனேன். உள் அறையில் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, எல்கேஜி படிக்கிற பெண் குழந்தை பூனை எலியைத் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சிக் கேட்டுப் போனை வாங்கினேன். பிரவுசரை மூடித் திறந்தேன். தேடி அலையாமல் இருக்கட்டும் என்று உபைத் ‘நம்ம சபராளி’யையே முதல் பக்கமாக வைத்திருந்தான். பிரவுசரைத் திறந்த உடனே அதுதான் திறக்கும். குழந்தை அதைத் தள்ளிவிட்டுக் கார்ட்டூனுக்குப் போகும். பக்கத்தின் தலையில் எழுதியிருந்தது: வாருங்கள், உபைத்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாயங்காலம் பச்சை. ஞாயிற்றுக்கிழமை லீவு, முழுக்கப் பச்சை.

அதற்குப் பிறகும் நான் உறுதி செய்துகொள்ளத்தான் நினைத்தேன். தொழில் புத்தி. மழை விட்டிருந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினேன். சமீராவும் பின்னால் வந்தாள். வானம் தெரிகிற இடத்தில் நின்று பக்கத்தைப் புதுப்பித்தேன். வட்டம் சுழன்றது. கீழே கூடத்தில் ஒரு அம்மா கையில் போனுடன் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

கடலைத் தாண்டி, குஜராத்தைத் தாண்டி, வரைபடம் சறுக்கிக்கொண்டு வந்து வெள்ளாற்றங்கரையில் நின்றது. இந்த ஊர், இந்த முடுக்கு, இந்த வீடு. புள்ளி பச்சையாக இருந்தது.

கீழேயிருந்து சத்தம் கேட்டது.

“சமீரா. ஏ சமீரா. வந்துட்டான்டி. உபைது வந்துட்டான். நம்ம தெருவுல காட்டுதுடி.”

தாழ்ப்பாள் திறக்கும் சத்தமும் கேட்டது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோம். வெளியே எட்டு வைத்தால் வெள்ளைத் துப்பட்டி போடாமல் போகாத பெண்மணி, தலையில் துணிகூட இல்லாமல், ஈர முடுக்கில் வெறுங்காலோடு நின்றார். ஒரு கையில் போன். முடுக்கின் அந்தக் கோடியைப் பார்த்தார். இந்தக் கோடியைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த எதிர்வீட்டுக்கும் கட்டி முடியாத வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் குனிந்து பார்த்தார்.

“உபைது, வாத்தா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். வந்துருத்தா.”

“அக்கா, அத அணைங்க” என்றாள் சமீரா. நான் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே பிடுங்கி அணைத்தாள். பிறகு படியிறங்கிப் போய் மாமியாரைத் தோளில் அணைத்து உள்ளே கூட்டி வந்து, நாற்காலியில் உட்காரவைத்து, கால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள்தான் சொன்னாள். பாத்திமா பீவிக்கு முதலில் பிடிபடவில்லை. புள்ளி வந்துவிட்டதே, ஆள் எங்கே என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பிடிபட்டது.

“அப்ப எம்புள்ள எங்க இருக்கான்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் குனிந்து, ஆறிப்போன டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். குழந்தை வந்து போனைக் கேட்டுச் சிணுங்கியது.

பீர் முகமது கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரவுட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். “நான்தாம்மா குரூப்புல போட்டேன்” என்றார். “பையன் பத்திரமா இருக்கான், யாரும் தேட வேணாம்னு. அங்க நாலு ஊர்க்காரனுவ லீவு நாள்லயும் அலைஞ்சுக்கிட்டு இருந்தானுவ. நான்தான் நிறுத்துனேன்.” அங்கேயே நின்று ஷார்ஜாவுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

அன்று பெரம்பலூர் திரும்பியதும் புள்ளி காட்டும் வசதியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். மறுநாளே சில வீடுகளிலிருந்து போன் செய்து என்னைத் திட்டினார்கள். எங்க ஆளு எங்க இருக்காருன்னு இனிமே எப்படித் தெரிஞ்சுக்கறது என்று கேட்டார்கள். என்ன சொல்வது? பேசுங்கள், குரலைக் கேளுங்கள் என்று சொன்னேன். அது உனக்கு எதுக்கு என்றார்கள்.

கார்த்திகையில் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் மறுபடி தேடத் தொடங்கி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போட்டோவைக் காட்டி, கடைசியில் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கண்டுபிடித்தார்கள். ஆளை அல்ல. சண்டை போட்ட சில நாட்களிலேயே, வெயிலில் ரோட்டோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். கையில் எந்தக் காகிதமும் இல்லை. போனும் இல்லை. உடலைப் பிணவறையில் வைத்து யாராவது வருவார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. தேட வேண்டாம் என்று எங்கள் புள்ளிதான் சொல்லிவிட்டதே. புரட்டாசி வாக்கில் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெயர் தெரியாதவன் என்று.

நான் துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. முற்றம் முழுக்க ஜமுக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பாத்திமா பீவி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். வைவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உடம்பு முடியலைன்னு சொன்னான் புள்ள. நான்தான் ஒரு வருசம் இருன்னேன்” என்றார். “அப்புறம் தேடாதேன்னும் நான்தான் சொன்னேன்.” இதையே வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமீரா உள் அறையில் இருந்தாள். அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் அறை வாசலுக்குத் திரை கட்டியிருந்தார்கள். கட்டிலில் புது வெள்ளைச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. கருகமணியைக் கழற்றியாகிவிட்டது. இத்தா உட்காருவதற்கான ஏற்பாடு. புருஷன் மவுத்தானால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல், பூ வைக்காமல், நல்ல சேலை கட்டாமல் அவனுக்காக இருப்பது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். என்று முதல் உட்கார வேண்டும், எப்படிக் கணக்கு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரப் பீர் முகமதுவை அனுப்பியிருந்தார்கள்.

அவர் வந்து திரைக்கு வெளியே நின்றார்.

“சமீரா, ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டேம்மா. கிதாபையும் பொரட்டிப் பாத்தாரு. இத்தாவுக்குக் கணக்கு, செய்தி வந்த நாள்லேருந்து இல்லையாம். மவுத்தான நாள்லேருந்தாம். தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி. அந்தக் கணக்குல அது எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. நீ உக்கார வேண்டியதில்ல. நாளைக்கே வெளிய தெருவ போகலாம், ஒரு தடையும் இல்லைன்னு சொல்லச் சொன்னாரு.”

பெண்கள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். ஹஜ்ரத்தும் அப்படித்தான் சொல்லியிருப்பார். சமீரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா” என்றாள். “பக்ரீத்துக்கு நான் மருதாணி வச்சேன். ரெண்டு கையிலயும். அவங்க கோவம் தணியட்டும்னு புதுச் சேலை கட்டி, பூ வச்சு, போட்டோ எடுத்து அவங்க நம்பருக்கு அனுப்புனேன். போயிச் சேரல. இருந்தாலும் தெனம் ஒண்ணு அனுப்புனேன். புள்ளி பச்சையாத்தானே இருந்துச்சு.”

“அல்லா பொறுப்பான்மா. தெரியாமச் செஞ்சதுக்குக் குத்தம் இல்ல” என்றார் பீர் முகமது. “முடிஞ்சிருச்சும்மா. ஒம்மேல ஒரு பாக்கியும் இல்ல. எல்லாம் முடிஞ்சிருச்சு.”

சமீரா அந்த வெள்ளைச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே மாமா” என்றாள்.